குதிரை விழுந்த நேரம்

நீங்கள் நேசிக்கும் ஒருவர், செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறார். அவர் அதைச் செய்யவில்லை என்பது இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். போய்ச் சொன்னால், நீங்கள் இத்தனை நாள் ஏங்கிய வாழ்வு கைநழுவிப் போகலாம். போவீர்களா?

உடனே தலையாட்டாதீர்கள். மேவிஸ் ஹாலட்டும் உடனே தலையாட்டியவள்தான்.

1958இல் அவளுக்கு இருபது வயது. லண்டனில், எங்கள் தெருவிலிருந்து கால்மணி நேர நடையில் இருந்த ஒரு சலவை நிலையத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை, ஆவி கக்கும் பெரிய உருளை இயந்திரத்துக்குள் ஊட்ட வேண்டும். ஒரு நுனியை ஒருத்தி, மறுநுனியை இன்னொருத்தி பிடிக்க வேண்டும். மறுநுனி குவீனி என்ற நாற்பது வயதுக்காரியின் கையில் இருந்தது. குவீனிக்கு வாய் ஓயாது. மேவிஸுக்குப் பாட்டு ஓயாது.

"அடியே, நீ பாடுறப்ப மட்டுந்தான் இந்த எழவெடுத்த மிஷின் சொன்ன பேச்சு கேக்குது," என்பாள் குவீனி. "பேசாம இதையே கட்டிக்க."

"இதுக்கு வேர்க்குது குவீனி. எனக்கு வேர்க்காத மாப்பிள்ளையாப் பாரு."

போரின்போது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இவர்கள். பதினாறு வயதுவரை இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்றவர்கள். திடீரென்று கையில் சொந்தச் சம்பளம், தெருமுனையில் பாட்டுப்பெட்டி, கடைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரிந்து நிற்கும் பாவாடைகள். பெற்றோர் கண்டிராத எதையோ தாங்கள் காணப்போகிறோம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதை வைத்துப் பிழைத்தவர்கள்மேல்தான் என் கோபம்.

ஞாயிறு பிற்பகல்களில் மேவிஸ் லண்டனின் சோஹோ பகுதியில் ஒரு நிலவறைக் காபிக் கடைக்குப் போவாள். அங்கே ஒரு பழைய பியானோ இருந்தது. அதை வாசித்தவன் செல்வின் அலீன். மேற்கிந்தியத் தீவான பார்படோஸ்காரன். அங்கே தந்தி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். இங்கே ரயில் பெட்டி கழுவினான். அவர்களுடைய முதல் பேச்சை இருவருமே தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் மாறவில்லை.

"பாட வர்றியா, இல்ல காபி ஆறுற வரைக்கும் என்னையே மொறச்சுக்கிட்டு நிக்கப் போறியா?"

"உன் பியானோல ரெண்டு கட்டை செத்துக் கெடக்கு. தெரியுமா?"

"தெரியும். அந்த ரெண்டு இடம் வர்றப்ப நீ கொஞ்சம் சத்தமாப் பாடிட்டா வேற யாருக்கும் தெரியாது."

அன்றிலிருந்து அந்த இரண்டு இடங்களிலும் அவள் குரல் உயர்ந்தது. அதைக் கேட்கத்தான் கூட்டமே வந்தது.

நிலவறைக்குள் அவர்கள் ஒரு ஜோடி. படியேறித் தெருவுக்கு வந்தால் இல்லை; அவள் வெள்ளை, அவன் கறுப்பு. ஒரு முறை சேர்ந்து நடந்தார்கள்; ஒரு கிழவர் மேவிஸின் காலணிமேல் துப்பினார். இன்னொரு முறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கும்வரை நாய் மாதிரி குரைத்துக்கொண்டே வந்தான். வண்டியே சிரித்தது. செல்வின் தங்கியிருந்த வீட்டில் பெண்கள் படியேறக் கூடாது. மேவிஸின் வீட்டிலோ அவன் பெயரையே சொல்ல முடியாது. எனவே அவர்கள் இருட்டைத் தேடிப் போனார்கள். அதாவது, சினிமாவுக்குப் போனார்கள்.

எங்கள் பகுதியில் 'மூட்டைப்பூச்சி' என்று எல்லாரும் அழைத்த பழைய கொட்டகை அது. பகல் ஒன்றரைக்குப் படம் ஓட ஆரம்பித்தால் நிற்காது. இரண்டு படங்களும் ஒரு செய்திப்படமும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். கொலைகாரன் பிடிபட்ட பிறகு உள்ளே போய், கொலை நடப்பதைச் சாவகாசமாகப் பார்க்கலாம். நாம் நுழைந்தபோது ஓடிய காட்சி திரும்ப வந்ததும், "நாம வந்த இடம் வந்தாச்சு" என்று பக்கத்து ஆளை முழங்கையால் இடித்துவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

மேவிஸ் முதலில் போய்ப் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில், சுவரோரம் உட்காருவாள். ஐந்து நிமிடம் கழித்துச் செல்வின் வருவான். வந்த இடம் திரும்பி வந்ததும் அவள் முதலில் எழுவாள். அவன் பத்து நிமிடம் கழித்து எழுவான். மூன்று மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு மே மாதம் ஹெஸ்கெத் என்பவர் காபிக் கடைக்கு வந்தார். ஒரு படக் கம்பெனியின் விளம்பர அதிகாரி. இளைஞர்களின் காதலையும் கனவையும் பற்றி ஆட்டம் பாட்டத்தோடு ஒரு படம் எடுக்கிறார்களாம். அதை எடுத்தவர்களில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை நான் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கதாநாயகி நல்ல அழகி. வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவு. அவளுக்கு ஒரு குரல் வேண்டும்.

"பியானோவும் இவருதான் வாசிக்கணும்," என்றாள் மேவிஸ்.

"கண்ணு, எங்ககிட்ட முப்பது பேரு வாத்தியக்காரங்க இருக்காங்க. அவங்க பியானோல எல்லாக் கட்டையும் உசுரோட இருக்கு," என்று சிரித்தார் ஹெஸ்கெத்.

செல்வினும் சிரித்தான். அப்புறம் அவளைத் தனியே அழைத்து, "போ. போய்ப் பாடு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தக் குழியவிட்டு மேல ஏறணும்," என்றான்.

நம் நாட்டில் பின்னணிப் பாடகியின் பெயரை வானொலியில் சொல்கிறார்கள். லண்டனில் அது களவு மாதிரி மறைத்துச் செய்யப்பட்டது. அழகி தானே பாடுகிறாள் என்றுதான் ஊர் நம்ப வேண்டும். மேவிஸுக்கு இருபத்தொன்று ஆகவில்லை என்பதால் ஒப்பந்தத்தில் அவள் தாய் கையெழுத்துப் போட்டாள். பாடியது யாரென்று எங்கும் வெளியே வரக் கூடாது. அவளைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரி வரக் கூடாது. ஒழுங்காக இருந்தால் அடுத்த படத்தில் அவளுக்கே வேடம். சொந்த முகம், சொந்தக் குரல், சொந்தப் பெயர்.

ஜூலையில் ஒரு வாரம் இருட்டறையில் நின்று, திரையில் அசையும் இன்னொருத்தியின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். "அவ உதடு மூடுறப்ப எனக்கு மூச்சு முட்டுது குவீனி," என்று சலவை நிலையத்தில் வந்து சொன்னாள்.

"அதுக்குத்தான் சம்பளம். மூச்சு முட்டாம இங்க யாருக்குடி காசு குடுக்குறான்?"

ஆகஸ்டு முடியும்போது எங்கள் தெருக்களில் வெறி கிளம்பியது. இரும்புக் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் ஏந்திய வெள்ளைப் பையன்கள் நூற்றுக்கணக்கில் கூடி, கறுப்பர் வீடுகளைத் தேடித் தேடிக் கண்ணாடிகளை உடைத்தார்கள். அவர்களின் தாய்மார்கள் சிலர் ஜன்னலில் முழங்கை ஊன்றி வேடிக்கை பார்த்தார்கள். "கடவுள் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார்?" என்று அடுத்த வாரம் ஒரு பாதிரியார் உருகினார். போலீசும்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதைப் பற்றி அவர் உருகவில்லை.

ஆகஸ்டு முப்பது, சனிக்கிழமை மாலை எட்டேகாலுக்கு, ஒரு வீட்டு வாசலிலிருந்து யாரோ கூட்டத்தின்மேல் பால் புட்டியை வீசினார்கள். ஒரு வெள்ளைப் பையனின் கன்னம் கிழிந்தது. வீசியவன் கறுப்பன் என்பது மட்டும்தான் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஒன்பதரை மணிக்கு, இரண்டு தெரு தள்ளி, செய்தித்தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டு வீடு திரும்பிய செல்வினைப் போலீஸ் பிடித்தது. "இவனேதான். நான் பார்த்தேன்," என்றார் ஒரு காவலர்.

எட்டேகாலுக்குச் செல்வின் மூட்டைப்பூச்சியில், பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்தான். அவன் வந்து உட்கார்ந்தபோது திரையில் ஒரு குதிரை ஆளோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. "பாவம் குதிரை. அதுக்கு யாரு சம்பளம் குடுத்தா?" என்று அவன் கிசுகிசுத்தான்; மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே குதிரை இரண்டாவது தடவை விழுந்தபோதுதான் அவள் எழுந்து போனாள்.

அவனுக்காக வாதாட முன்வந்தவர் லெவிசன் என்ற வக்கீல். நம் நாட்டிலிருந்து வந்து அவரிடம் எழுத்தராக இருந்தவன் நான். சிறையில் செல்வினைப் பார்க்க இருவரும் போனோம்.

"கூட யாரு இருந்தாங்க?" என்றார் லெவிசன்.

"ஒருத்தங்க இருந்தாங்க. பேரு சொல்ல மாட்டேன் சார்."

"தம்பி, இது காதல் பாட்டு இல்ல. ஜெயில்."

"அவங்களுக்கே தெரியும். அவங்களா வருவாங்க. நீங்க சம்மன் அனுப்பிக் கட்டாயப்படுத்துனா, புட்டியை வீசுனது நான்தான்னு ஒத்துக்குவேன். அப்புறம் உங்க இஷ்டம்."

மேவிஸின் தெருவிலேயே குடியிருந்தவன் நான். ஐந்து நிமிட இடைவெளியில் இருவரும் கொட்டகைக்குள் நுழைவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். லெவிசன் என்னைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன்.

முதலில் கொட்டகையின் படம் ஓட்டுபவரிடம் போனேன். எந்தச் சுருள் எத்தனை மணிக்கு ஏறியது என்று அவர் ஒரு நோட்டில் குறித்திருந்தார். செல்வின் சொன்ன, குதிரை விழும் காட்சி அன்று ஐந்து முப்பத்தைந்துக்கும் எட்டு ஐம்பத்தைந்துக்கும் ஓடியிருக்கிறது. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிவுக்கு எட்டும் சான்று, கணக்கில் அடங்கும் சான்று! ஆனால் அவன் இடையில் எழுந்து போகவில்லை என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

சலவை நிலையத்துக்குப் போனேன். மேவிஸ் விரிப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கண்டிப்பா வர்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா? நாளைக்கேகூட வர்றேன்."

"அக்டோபர்ல விசாரணை. தேதி வந்ததும் சொல்றேன்."

"அவரு சாப்புடுறாரா? சிறையில பியானோ இருக்குமா?"

"சர்ச்சுல ஒரு ஆர்மோனியம் இருக்காம்."

"அதுலயும் ரெண்டு கட்டை செத்துத்தான் இருக்கும்," என்று சொல்லி அழுதாள்.

அவள் செய்த முதல் தவறு, ஹெஸ்கெத்திடம் முறையாகச் சொல்லிவிடலாம் என்று போனது. அவர் கத்தவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"கூண்டுல ஏறுனதும் மொத என்ன கேப்பாங்க தெரியுமா கண்ணு? பேரு, விலாசம், என்ன தொழில். பத்திரிகைக்காரன் முன் பெஞ்சுலயே உக்காந்திருப்பான். வெள்ளைக்காரப் பொண்ணு, கறுப்பு ஆளு, சினிமா இருட்டு. மறுநாள் உன் வீட்டு வாசல்ல பத்து பேரு நிப்பான். தோண்டுவான். நீ எங்களுக்குப் பாடுனது வெளிய வரும். படம் நவம்பர்ல வருது. அதுக்கப்புறம் எத்தனை சாட்சி வேணாலும் சொல்லு. உண்மை எங்க ஓடிடப் போகுது? பாலா அது, திரிஞ்சு போக?"

அந்தக் கடைசி வாக்கியத்தை மேவிஸ் சாகும்வரை மறக்கவில்லை. அடுத்த தடவை நான் போனபோது அதையே என்னிடம் திருப்பிச் சொன்னாள். அத்தோடு ஒரு யோசனையும் வைத்திருந்தாள்.

"நாங்க எங்க போனாலும் ஊரே திரும்பிப் பாக்குது. பஸ்ல பாக்குது, கடையில பாக்குது. அன்னிக்கு அந்தக் கொட்டகையில அவரு ஒருத்தருதான் கறுப்பு. டார்ச் புடிச்சு எடம் காட்டுற அக்கா பாத்திருப்பாங்க. அவங்களைக் கேளுங்க. அவங்க சொன்னாப் போதுமே, நான் எதுக்கு?"

கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தம்பி, ஆளு முகத்துல டார்ச் அடிச்சா மறுநாள் எனக்கு வேலை இருக்காது. தரையில மட்டும்தான் வெளிச்சம் அடிக்கணும். எனக்குத் தெரியுறது காலுதான். காலுக்கு ஏது நிறம்? எல்லாம் ஷூவு."

யாருமே பார்க்காத இடம் என்பதால்தானே அங்கே போனார்கள்? ஊர் முழுக்க முறைத்துப் பார்த்த இரண்டு பேரை, பார்த்தால் பயன்பட்டிருக்கும் ஒரே இடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. சிலர் இதை விதி என்றார்கள். மேவிஸின் தாய், பிற்பாடு தெரிந்தபோது, ஆண்டவன் சித்தம் என்றாள். ஆண்டவன் பால் புட்டி வீசவில்லை. ஆண்டவன் பொய்ச் சாட்சி சொல்லவில்லை. இரண்டு பேர் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து நடக்க முடியாமல் செய்த மனிதர்களுக்குப் பெயரும் வீட்டு எண்ணும் உண்டு.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சலவை நிலையச் சுவரோரம் மூன்றாவது தடவையாக அவளைப் பார்த்தேன்.

"தேதியைத் தள்ளி வைக்க முடியாதா? ஆறே ஆறு வாரம்."

"கேட்டோம். மாட்டேன்னுட்டாங்க."

"தீர்ப்பு வந்தா என்ன, அப்புறம் அப்பீல் இருக்குல்ல? அப்ப வந்து சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். இப்ப போனா எனக்கு இந்த மிஷின்தான் கடைசி வரைக்கும். அவருதானே மேல ஏறச் சொன்னாரு?"

பக்கத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த குவீனி எழுந்தாள்.

"நீ கறுப்பனோட சுத்துனப்ப நான் உன்னைக் காறித் துப்புனேன். இப்பவும் எனக்கு அது புடிக்கல. ஆனா இது வேறடி. அந்த ஆளு உன் பக்கத்துல உக்காந்திருந்தானா இல்லையா?"

"இருந்தாரு."

"அப்ப வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்! ஊருக்கே கேக்குற மாதிரி பாடுறல்ல?"

மதிய இடைவேளை முடிந்தது. சங்கு ஊதியது, மேவிஸ் உள்ளே போய்விட்டாள்.

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வக்கீல் செல்வினைக் கேட்டதை நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன்.

"தனியாவா படம் பாத்தீங்க?"

"இல்லை. ஒரு சிநேகிதரோட."

"அந்தச் சிநேகிதருக்குப் பேரு இருக்கா?"

"இருக்கு."

"சொல்லலாமே."

"அவங்களே வந்து சொல்வாங்க."

பன்னிரண்டு ஜூரிகளும் கதவைப் பார்த்தார்கள். செல்வினும் பார்த்தான். நானும் பார்த்தேன். காவலுக்கு நின்றவன், தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டான். அரசு வக்கீல் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். திறக்காத அந்தக் கதவு அவருக்கு எந்த வாதத்தையும்விட உதவியது. படம் ஓட்டுபவரின் நோட்டை லெவிசன் காட்டினார். "காட்சி நேரங்களை யார் வேண்டுமானாலும் கொட்டகையில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாமே," என்று நீதிபதி சொன்னார். ஜூரி இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. பதினெட்டு மாதம்.

தெருவில் சங்கிலி சுழற்றிய நூற்றுக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்று மாலை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலையில் மேவிஸ் வேலைக்குப் போகவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நல்ல கோட்டை அணிந்து நீதிமன்றப் பேருந்தில் ஏறியிருக்கிறாள். ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கடிகாரம் நான்கு அடிக்கும்வரை எழவில்லை. "எழுந்துக்கணும்னு ஒவ்வொரு நிமிஷமும் நெனச்சேன். கால்தான் வரல," என்றாள். நான் அவளைத் தேற்றவில்லை. கால் வராமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு ஹெஸ்கெத் என்று பெயர். ஆனால் கால் அவளுடையது. அதையும் எழுதாவிட்டால் நானும் பொய் சொன்னவன் ஆவேன்.

நவம்பரில் படம் வந்தது. மேவிஸுக்கு அழைப்பு இல்லை. இரண்டாவது வாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அவள் குரல் வந்தது, மூன்று பாட்டு. முன் வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழகி என்னமாய்ப் பாடுகிறாள் என்றார்கள். திரையில் நாயகன் ஊரறிய, பட்டப்பகலில், நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஆடினான். கடைக்காரர்களும் போலீஸ்காரர்களும் கூடச் சேர்ந்து ஆடினார்கள். அந்த இடத்தில் மேவிஸ் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் நின்றாள்.

"இப்ப சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். பேப்பர்ல போட்டாலும் சரி, அம்மா வீட்டைவிட்டுத் துரத்துனாலும் சரி."

லெவிசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மிஸ் ஹாலட், விசாரணை நடந்தப்பவே கெடைக்கக்கூடிய சாட்சியா இருந்தா, அதை அப்பீல்ல ஏத்துக்க மாட்டாங்க. நீங்க வெளிநாட்டுல இல்ல, படுத்த படுக்கையா இல்ல. ரெண்டு மைல் தள்ளி இருந்தீங்க."

"அப்ப நான் சொல்றது உண்மையில்லையா?"

"உண்மைதான். அக்டோபர்லயும் அது உண்மையாத்தாம்மா இருந்துச்சு."

ஆனாலும் மனுப் போட்டோம். தள்ளுபடியானது. அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு மனிதன் சிறையில் இருக்கிறான். அவன் குற்றமற்றவன் என்று சொல்ல ஒரு வாய் வந்து நிற்கிறது. ஏன் தாமதம் என்று கேட்டுக் கதவை அடைக்கிறார்கள். தாமதமாக வந்தவளுக்கா தண்டனை? உள்ளே இருந்தவனுக்கு.

நன்னடத்தைக் கழிவு போக, ஓராண்டு கழித்துச் செல்வின் வெளியே வந்தான். சிறை வாசலில் மேவிஸ் காத்திருந்தாள். அவன் தொப்பியைத் தூக்கினான்.

"நல்லா இருக்கியா மேவிஸ்?"

"என்னைத் திட்டு. அடி. ஏதாவது செய்."

"நீ வரலேன்னு எனக்குக் கோபமில்ல. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் நீ வருவேன்னு சொல்லிட்டேன் பாரு, அதைத்தான் என்னால மறக்க முடியல."

"இப்ப சேர்ந்து நடக்கலாமா? அந்த முனை வரைக்கும். யாரு பாத்தாலும் சரி."

நடந்தான். முனைவரைக்கும் நடந்தான். அங்கே பேருந்து வந்தது, அவன் ஏறிக்கொண்டான். அடுத்த மாதம் டொரன்டோ போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

ஹெஸ்கெத்தின் அடுத்த படம் வரவேயில்லை. கம்பெனி மூடப்பட்டது, ரசனையும் மாறியது. மேவிஸ் சலவை நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தாள். அதுவும் மூடப்பட்ட பிறகு ஒரு பள்ளியின் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில்கூட அவள் வாயிலிருந்து பாட்டு வரவில்லை. "தொண்டை கட்டிருச்சு," என்பாள். நாற்பது ஆண்டுகளாகக் கட்டிய தொண்டை.

பிறகு ஒரு நாள் தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்டார்கள். யாரோ ஒரு பத்திரிகையாளர் பழைய ஒப்பந்தங்களைத் துருவி, அழகிக்குக் குரல் கொடுத்தவள் இன்னும் இதே ஊரில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்து வந்தார். கெட்டிக்காரப் பையன். மேவிஸ் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள்.

"பாட்டைப் பத்திக் கேளு தம்பி, சொல்றேன். ஆனா செல்வின் அலீனைப் பத்தியும் எழுதணும். ரெண்டையும் சேத்துப் போட்டா என் பேரைப் போடு. இல்லேன்னா ஒண்ணுமே போடாத."

எழுதுகிறேன் என்றான். இரண்டு மணி நேரம் சொன்னாள். அடுத்த ஞாயிறு முழுப்பக்கம் வந்தது: 'முகம் தெரியாத குயில்'. அவள் படம், சமையலறைத் தொப்பியோடு. மூன்று பாட்டுகள். காபிக் கடை. செல்வின் அலீன் என்ற பெயர் எங்கேயும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "இடம் பத்தல சார். அதுவுமில்லாம, வாசகருக்கு அது மனசக் கெடுக்கும்," என்றான்.

மேவிஸ் அந்தப் பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "எல்லாரும் தெருவுல நிறுத்தி வாழ்த்துறாங்க. எனக்குக் கூசுது. நீங்களாவது எழுதுங்க."

அவள் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். நான் எழுத நாள் கடத்திவிட்டேன், எனக்கும் வெட்கம்தான். அவள் சொன்னதை, கூண்டில் சொல்வது போலவே எழுந்து நின்று சொன்னதை, ஒரு சொல் குறைக்காமல் இங்கே தருகிறேன்.

"என் பேரு மேவிஸ் ஹாலட். தொழில், பாட்டு. 1958 ஆகஸ்டு முப்பதாம் தேதி, சாயங்காலம் அஞ்சு முப்பத்தஞ்சுலேருந்து எட்டு அம்பத்தஞ்சு வரைக்கும் செல்வின் அலீன் என் வலது பக்கத்துல உக்காந்திருந்தாரு. ஒரு தடவைகூட எழுந்திருக்கல. என் கை அவரு கைக்குள்ள இருந்துச்சு. அவரு யாரையும் அடிக்கல."

இதை ஏற்றுக்கொள்ள இன்று நீதிமன்றம் இல்லை. வாசகரே, உங்களிடம்தான் ஒப்படைக்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் எனக்குப் போதாது. உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் குடும்பத்தில் செய்யாத ஒன்றுக்காக யாரோ பழி சுமக்கிறார். நீங்கள் ஏதோ பார்த்திருக்கிறீர்கள், வாயைத் திறந்தால் நமக்கு என்ன ஆகுமோ என்று தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். அது எதுவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு தாளை எடுங்கள். பார்த்ததை எழுதி, அடியில் உங்கள் பெயரையும் விலாசத்தையும் போட்டு, உரியவர் கையில் இன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.